மூன்றாவது வாரம்

அவர் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். கழுத்தின் வலப்பக்கம், காதுக்குக் கீழே, பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த ஒரு சின்ன வட்டம். அதைச் சுற்றி இன்னொரு வட்டம். அதையும் சுற்றி, அன்று காலையில் போட்ட புது வட்டம், நீலம் மங்காமல். நெறிக்கட்டி எவ்வளவு பெரிதாகிறது என்று தினமும் கண்ணாடி முன்னால் நின்று அவரே குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். முதல் வட்டம் சட்டைப் பொத்தான் அளவு. கடைசி வட்டத்துக்குள் என் கட்டைவிரல் முழுசாக அடங்கும்.

"நீங்க குடுத்த மாத்திரையால வந்தது சார் இது," என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கணக்கு கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்.

கணக்கு அவர் பக்கம் சரியாகத்தான் இருந்தது. காசநோய் மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது, எடை 3 கிலோ ஏறியது. அப்புறம் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பித்தார்கள். 16ஆம் நாள் மறுபடி காய்ச்சல். 19ஆம் நாள் கழுத்தில் நெறி. 'மருந்து ஒத்துக்கவில்லை' என்று முடிவு கட்டி, இரண்டு மாத்திரைகளையும் அவரே நிறுத்திவிட்டார். நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது.

ஆலோசனை மேஜையில் உட்கார்ந்து, "ஒழுங்காப் போட்டுட்டு வாங்க, மூணு வாரத்துல தெம்பு வந்துடும்," என்று அவரிடம் சொல்லி அனுப்பியது நான்தான். அன்று எனக்கு அந்த வேலையில் இரண்டாவது வருடம். அவருக்கு வந்திருந்ததன் பெயர் எனக்குத் தெரியும்: ஐரிஸ். பயிற்சி வகுப்பில் சாப்பாட்டு நேரத்துக்கு முந்தைய ஒரே ஒரு ஸ்லைடில் வந்து போன பெயர். எதிர்ப்புச் சக்தி திரும்பி வரும்போது உண்டாகும் அழற்சி என்று விளக்கியிருந்தார்கள். குறித்துவைத்துக்கொண்டேன். ஆனால் மேஜைக்கு எதிரே இருப்பவரிடம் முன்கூட்டியே அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சொன்னால் பயந்துபோய் மாத்திரையே வேண்டாம் என்பாரோ என்ற நினைப்பு. (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

அதற்குப் பிறகு அந்த ஒரு ஸ்லைடுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். நான் மருத்துவர் இல்லை. புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் காசநோய்க் கிருமியைப் பற்றி. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்றும் உலகக் காசநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். இந்தக் கிருமிக்கு அவசரம் என்பதே கிடையாது. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா ஒன்று 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும் என்றால், இது பிரிய கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். நுரையீரலுக்குள் நுழைந்ததும் அதை மேக்ரோபேஜ் என்ற செல் விழுங்குகிறது. விழுங்கியதை ஜீரணிக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல். கிருமி அந்தச் செல்லின் வயிற்றுக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது.

மேக்ரோபேஜ் தனியாகத் திணறும்போது உதவிக்கு வருவதுதான் சிடி4 செல், டி செல் என்ற வெள்ளையணுக்களில் ஒரு வகை. எச்.ஐ.வி. உள்ள யாரைக் கேட்டாலும் சொல்லும் எண் இதுதான், "என் சிடி4 இவ்வளவு" என்று. இந்த செல் இன்டர்பெரான் காமா என்ற ரசாயனத்தைச் சுரக்கும். அது பட்டதும் மேக்ரோபேஜ் சுறுசுறுப்பாகி, விழுங்கிய கிருமியைக் கொல்லும் வேலையைத் தொடங்கும். அழிக்க முடியாத கிருமிகளைச் சுற்றி மேக்ரோபேஜ்களும் டி செல்களும் நெருக்கமாகக் கூடி ஓர் உருண்டை கட்டும். கிரானுலோமா என்பார்கள். அதற்குள் கிருமி வருடக்கணக்கில், சில நேரம் ஆயுள் முழுக்க, அடங்கிக் கிடக்கும். உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்றால், காரணம் இந்த ஏற்பாடுதான்.

எச்.ஐ.வி. கைவைப்பது இதே சிடி4 செல்களில். அதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. காசநோய்க் கிருமியை அடையாளம் தெரிந்த சிடி4 செல்களைத்தான் அது முன்கூட்டியே காலி செய்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், எச்.ஐ.வி. தொற்றிய முதல் வருடத்துக்குள்ளேயே காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கானது தெரியவந்தது. மொத்த சிடி4 எண்ணிக்கை பெரிதாகச் சரியாத காலம் அது. ரிப்போர்ட்டில் எண் நன்றாக இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, காசநோயைத் தெரிந்த செல்கள் மட்டும் உள்ளே சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருக்கும்.

எண்ணிக்கை உண்மையிலேயே விழுந்த பிறகு, அதாவது ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே, 100க்குக் கீழே போன பிறகு, காசநோய் தன் முகத்தையே மாற்றிக்கொள்கிறது. நுரையீரலில் ஓட்டை விழுவது, சளியில் கிருமி நிறைய வருவது என்று நாம் படித்துவைத்திருக்கும் அறிகுறிகளெல்லாம் பெரும்பாலும் கிருமியின் வேலையே இல்லை, உடம்பு அதை எதிர்ப்பதால் வரும் சேதம். எதிர்க்க ஆளில்லாதபோது ஓட்டை எங்கிருந்து விழும்? எக்ஸ்ரே சுத்தமாக வரலாம். சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வரலாம். கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கும் மான்டூ பரிசோதனை, தோல் துளிகூடத் தடிக்காமல் 'நெகட்டிவ்' என்று வரலாம். இவ்வளவுக்கும் கிருமி ரத்தம், கல்லீரல், நெறி கட்டும் இடமான நிணநீர்க் கணுக்கள் என்று உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். 'நெகட்டிவ்' என்ற சொல் இவ்வளவு பெரிய பொய் சொல்லும் இடம் மருத்துவத்தில் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் இருப்பவருக்குத்தான் ஏ.ஆர்.டி. தொடங்குகிறார்கள். மாத்திரை வேலை செய்யும் வேகம் ஆச்சரியமானது. முதல் மாதத்திலேயே ரத்தத்தில் வைரஸ் அளவு நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுவது சாதாரணம். சிடி4 ஏறத் தொடங்கும். ஆனால் முதல் வாரங்களில் ஏறும் செல்களில் பெரும்பகுதி புதிதாகப் பிறந்தவை இல்லை. நிணநீர்க் கணுக்களில் சிக்கிக் கிடந்த பழைய செல்கள், ஏற்கெனவே ஏதோ ஒரு கிருமியைப் பார்த்து நினைவில் வைத்திருப்பவை, ரத்தத்துக்குத் திரும்பி வருகின்றன. புதுச் செல்கள் மெதுவாக, மாதக்கணக்கில்தான் சேரும்.

திரும்பி வருகிற அந்தப் பழைய செல்கள் பார்ப்பது என்ன? தாங்கள் இல்லாத காலத்தில் மூலைமுடுக்கெல்லாம் குவிந்திருக்கும் காசநோய்க் கிருமி. மருந்தில் செத்த கிருமியின் மிச்சங்களும் அங்கேயே கிடக்கும். அடையாளம் தெரிந்துகொள்ள உயிருள்ள கிருமிதான் வேண்டும் என்பதில்லை, அதன் துண்டு துணுக்கே போதும். காய்ச்சல் வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நெறி வீங்குகிறது, சில நேரம் சீழ் கட்டி உடைகிறது. சுத்தமாக இருந்த எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு விழுகிறது. நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கிறது. எல்லாம் பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரத்துக்கும் நாலாவது வாரத்துக்கும் நடுவில்.

இதில் இரண்டு வகை. ஏற்கெனவே காசநோய் மருந்து எடுத்து, தேறிக்கொண்டிருந்தவருக்கு ஏ.ஆர்.டி. தொடங்கிய மூன்று மாதத்துக்குள் திடீரென்று மோசமாவது ஒன்று. என் எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு நடந்தது அதுதான். காசநோய் இருப்பதே தெரியாமல் ஏ.ஆர்.டி. தொடங்கி, அதற்குப் பிறகு நோய் கொதித்துக்கொண்டு வெளியே தெரிவது மற்றொன்று. இரண்டாவது வகையில் குற்றம் யாருடையது என்று கேட்டால், பல நேரம் முதல் நாள் விசாரணையில்தான். இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை, இந்த நாலில் ஒன்று இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்பது விதி. நாலு கேள்வி கேட்க ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடம்கூட இல்லாமல் நான் படிவத்தில் 'இல்லை, இல்லை, இல்லை, இல்லை' என்று டிக் அடித்த நாட்களும் உண்டு. வரிசை நீளமாக இருந்தது என்பதுதான் அன்றைக்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானம்.

மூன்று மருந்து சேர்ந்த எச்.ஐ.வி. சிகிச்சை 1996 வாக்கில் பரவலானதுமே மருத்துவர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1998இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. காசநோய் மருந்தோடு புதிய எச்.ஐ.வி. மருந்துகளும் எடுத்த 33 பேரில் 12 பேருக்கு நோய் இப்படித் தலைகீழாக மோசமானது. காசநோய் மருந்து மட்டும் எடுத்தவர்களிடம் இது அபூர்வம். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்ட விவரம் ஒன்று அதில் இருக்கிறது. அந்த நோயாளிகள் பலருக்கு முன்பு துளியும் தடிக்காத மான்டூ ஊசி, இப்போது நன்றாகத் தடித்தது. காசநோய்க் கிருமியை மறந்துபோயிருந்த தோல் அதை மறுபடி அடையாளம் கண்டிருக்கிறது. மூன்றாவது வாரக் காய்ச்சலுக்கு அர்த்தம் என்ன என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

காசநோய் மருந்தும் ஏ.ஆர்.டி.யும் சேர்த்து எடுப்பவர்களில், பல ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தால், 15 முதல் 18 சதவீதம் பேருக்கு இது வருகிறது. சிடி4 எவ்வளவு குறைவோ, கிருமி எவ்வளவு பரவியிருக்கிறதோ, இரண்டு மருந்துக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு வாய்ப்பு கூடும். ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும், ஆலோசனை மேஜையில் ஒரு வாரத்தில் நான் பார்த்தவர்களில் யாரோ ஒருவராவது அதில் இருந்திருப்பார்.

சரி, உள்ளே சரியாக என்ன நடக்கிறது? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. முதலில் எல்லோரும் நினைத்தது மிக எளிமையான விடை: சிடி4 செல்கள் ஒரேயடியாகப் பெருகி, இன்டர்பெரான் காமாவைக் கொட்டித் தீர்க்கின்றன, அதுதான் காரணம். 2006இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஐரிஸ் வந்தவர்களின் ரத்தத்தில் காசநோயைத் தெரிந்த டி செல்கள் வெடித்துப் பெருகியிருப்பதைக் காட்டினார்கள். விடை கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் அடுத்தடுத்து தென்னாப்பிரிக்காவில் பார்த்தபோது, ஐரிஸ் வராமல் நன்றாகத் தேறியவர்கள் சிலருக்கும் அதே பெருக்கம் இருந்தது. ஐரிஸ் வந்த சிலருக்கு அது அவ்வளவாக இல்லை. அப்படியென்றால் டி செல் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

கவனம் மேக்ரோபேஜ் பக்கமும், நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளையணுவின் பக்கமும் திரும்பியது. கிருமியை விழுங்கிவிட்டு உத்தரவு வராமல் காத்துக் கிடந்தவை அந்த மேக்ரோபேஜ்கள். ஐரிஸ் வந்தவர்களின் ரத்தத்தில் ஐ.எல்.6, டி.என்.எஃப். போன்ற அழற்சி ரசாயனங்கள் எகிறியிருந்தன. செல்லுக்குள் ஆபத்து மணி அடிக்கும் இன்பிளமசோம் என்ற அமைப்பு விழித்திருந்தது. திசுவை அரிக்கும் மெட்டலோபுரோட்டினேஸ் என்சைம்களும் கூடியிருந்தன. நெறி சீழாவதிலும் நுரையீரல் சிதைவதிலும் அந்த என்சைம்களுக்குப் பங்கு உண்டு.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் காட்டியது ஓர் எலிச் சோதனை. 2010இல் வெளியானது. டி செல்லே இல்லாத எலிகளுக்கு, காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமி ஒன்றைக் கொடுத்தார்கள். எலிகளின் உடம்பில் அது பாட்டுக்குப் பெருகியது. பிறகு ஆரோக்கியமான எலியிலிருந்து எடுத்த சிடி4 செல்களை அவற்றுக்கு ஏற்றினார்கள். குணமாக வேண்டியவை மளமளவென்று இளைத்துப்போயின, பல செத்தும் போயின. தொற்று இல்லாத எலிகளுக்கு அதே செல்களால் ஒன்றும் ஆகவில்லை. கிருமியும் தேவை, காத்துக்கிடந்த மேக்ரோபேஜும் தேவை, திடீரென்று வந்து சேரும் சிடி4 செல்லும் தேவை. மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் விபரீதம். கிருமியை அடக்க அவசியமான அதே இன்டர்பெரான் காமா இந்தச் சேதத்துக்கும் அவசியமாக இருந்தது என்பதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் புலம்பல். எதிர்ப்புச் சக்தியைப் பற்றிப் பேசும் எல்லாத் துண்டுப் பிரசுரங்களிலும் ஒரு படைவீரன் படம் இருக்கும். கையில் வேல், முகத்தில் வீரம். நானும் அதுவரை எல்லோரிடமும் அந்த உவமையைத்தான் சொன்னேன்: "சிடி4ங்கிறது உங்க உடம்போட ராணுவம்." கழுத்தில் மூன்று வட்டத்தோடு வந்தவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப என் ராணுவம் என்னையவே ஏன் சார் அடிக்குது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. படைவீரன் படத்தை அன்றோடு விட்டேன். நல்ல உவமை அவரிடமிருந்தேதான் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு தொல்லை என்றால், காசநோயை முழுசாகக் குணப்படுத்திவிட்டு ஏ.ஆர்.டி.யைத் தொடங்கினால் என்ன? நியாயமான கேள்வி. ஆறு மாதம் பொறுத்தால் கிருமி குறைந்துவிடும், அமளியும் இருக்காது. மருத்துவர்களில் ஒரு சாரார் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பதில் கிடைத்த விதம் வலி மிகுந்தது. கம்போடியாவில் 661 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெயர் கமேலியா. அவர்களில் பாதிப் பேருக்குச் சிடி4 வெறும் 25க்கும் கீழே. காசநோய் மருந்து தொடங்கி 2 வாரத்தில் ஒரு பிரிவுக்கும், 8 வாரத்தில் மற்றொரு பிரிவுக்கும் ஏ.ஆர்.டி. கொடுத்தார்கள். எதிர்பார்த்தபடியே, சீக்கிரம் தொடங்கியவர்களிடம் ஐரிஸ் சுமார் இரண்டரை மடங்கு அதிகம். ஆனால் இறந்தவர்கள் எத்தனை பேர்? சீக்கிரம் தொடங்கிய 332 பேரில் 59 பேர். காத்திருந்த 329 பேரில் 90 பேர்.

ஐரிஸின் அமளி எதுவும் இல்லாமலே இறந்துபோனவர்கள் அந்த இரண்டாவது பிரிவில் அதிகம். தென்னாப்பிரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வும், சிகிச்சை முடியும்வரை காத்திருப்பது உயிரைப் பறிக்கிறது என்றே சொன்னது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், சிடி4 எவ்வளவாக இருந்தாலும் காசநோய் மருந்து தொடங்கிய 2 வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. என்பது. மூளைக்காய்ச்சலாக வரும் காசநோய்க்கு மட்டும் விதிவிலக்கு, 4 முதல் 8 வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள். கழுத்தில் வீக்கம் வந்தால் கழுத்துக்கு வெளியே இடம் இருக்கிறது. மண்டை ஓட்டுக்குள் வீங்கினால் எங்கே போகும்? வியட்நாமில் செய்த ஆய்வில், மூளைக்காய்ச்சல் உள்ளவர்களுக்கு உடனே ஏ.ஆர்.டி. தொடங்கியதால் உயிர் பிழைப்பது கூடவில்லை, கடுமையான பக்கவிளைவுதான் கூடியது.

இனி அந்த மூன்று வட்டத்துக்கு வருவோம். மருத்துவர் அவரைப் பார்த்ததும் ஐரிஸ் என்று சொல்லிவிடவில்லை. ஐரிஸுக்கென்று தனிப் பரிசோதனை கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் அந்தப் பெயருக்கே வர முடியும். முதல் சந்தேகம், காசநோய்க் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத ரகமோ என்பது. நெறியில் ஊசி விட்டுச் சீழ் எடுத்து, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசிகிறதா என்று ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று என்னைக் கேட்கச் சொன்னார்கள். அட்டையில் மிச்சமிருந்ததை எண்ணிப் பார்த்தேன், நிறுத்திய நாலு நாளைத் தவிர ஒன்றுகூட விடவில்லை. சிறுநீர் அதுவரை ஆரஞ்சு நிறத்தில் போனதா என்றும் கேட்டேன். ரிஃபாம்பிசின் உள்ளே போனால் அந்த நிறம் காட்டிக்கொடுத்துவிடும். "அதைப் பாத்துத்தான் சார் மருந்து ஏறுதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்," என்றார். வேறு பூஞ்சைத் தொற்று, நிணநீர்ப் புற்று, மருந்து ஒவ்வாமை எல்லாம் வரிசையாகத் தள்ளுபடி ஆயின. சீழில் காசநோயின் மிச்சம் தெரிந்தது, ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குகிறது என்றும் வந்தது. வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தும் அந்தச் சீழில் எதுவும் வளரவில்லை. கழுத்தில் அவ்வளவு ஆர்ப்பாட்டம், உள்ளே பெரும்பாலும் பிணங்கள்.

இரண்டு மருந்தையும் அன்றே மறுபடி தொடங்கச் சொன்னார்கள். பொதுவாக ஐரிஸுக்காக ஏ.ஆர்.டி.யை நிறுத்துவதில்லை, உயிருக்கே ஆபத்து என்றால் தவிர. லேசாக இருந்தால் வலி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு. தென்னாப்பிரிக்காவில் 110 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை 4 வாரம் எடுத்தவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள் குறைந்தன. அதே நாட்டில் 2018இல் வெளியான அடுத்த ஆய்வு, ஐரிஸ் வரும் முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தது. சிடி4 100க்கு மேல் போகாத 240 பேர், பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. உண்மை மாத்திரை எடுத்தவர்களில் 32.5 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 46.7 சதவீதத்தினருக்கும் ஐரிஸ் வந்தது. குறைகிறது, ஆனால் ஒழியவில்லை.

எதிர்ப்புச் சக்தியே இல்லாதவருக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால்தான் மருந்துக்கு அடங்காத காசநோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்கிறார்கள். கபோசி என்ற புற்று இருப்பவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தப் புற்று வேகமெடுக்கும், அதையும் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடும் என்பதால் அளவைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். ஏ.ஆர்.டி.யில் இருக்கும் டொலுடெகிராவிரையும் அது இதே மாதிரி கரைக்கிறது. அதனால்தான் காசநோய் மருந்து எடுக்கும் காலத்தில் அந்த மாத்திரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை. "எனக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்று கேட்காதவர்கள் கிடையாது.

அவருடைய உவமையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? மருத்துவர் பார்த்து முடித்த பிறகு திரும்ப என் மேஜைக்கு வந்தார். நான் இந்தமுறை ராணுவத்தை விட்டுவிட்டு, உடம்பு இத்தனை நாள் கிருமியைக் கண்டுகொள்ளாமல் இருந்தது, இப்போது கண்டுகொண்டுவிட்டது, அதனால் வந்த வீக்கம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தார்.

"கால் மரத்துப்போயிருக்கும்போது ஒண்ணும் தெரியாது. உணர்வு திரும்பும்போதுதான் சுருக் சுருக்குன்னு குத்தும். அது மாதிரியா சார்?"

"அது மாதிரிதான். ஆனா அதைவிடக் கொஞ்சம் அதிகமா குத்தும். சில பேருக்கு ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியும் வரலாம்."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனே."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அன்றிலிருந்து காசநோய் மருந்தோடு ஏ.ஆர்.டி. தொடங்கும் ஒவ்வொருவரிடமும் மரத்துப்போன காலைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது வாரங்களை நாட்காட்டியில் காட்டிவிடுவேன். இந்த நாட்களில் காய்ச்சல் வந்தால், நெறி கட்டினால், மூச்சு வாங்கினால், தலை வலித்தால், மாத்திரையை நிறுத்தாமல் நேரே இங்கே வாருங்கள் என்பேன். தலைவலியை மட்டும் இரண்டு முறை சொல்வேன். பயந்துபோய் மாத்திரையே வேண்டாம் என்பார்கள் என்று நான் நினைத்தது தப்பு. அப்படி ஒருவர்கூடச் சொன்னதில்லை. "அப்ப வீங்குனா வேலை செய்யுதுன்னு அர்த்தமா?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அப்படியும் எடுத்துக்கொள்ளக் கூடாது, வீங்காதவருக்கும் வேலை செய்யும் என்று அவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்கிறது.

உலக அளவில் 2023இல் எச்.ஐ.வி. இருந்து காசநோயால் இறந்தவர்கள் 1,61,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஐரிஸால் நேரடியாக இறப்பவர்கள் சொற்பம். ஐரிஸ் வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அதனாலேயே இறக்கிறார்கள் என்று ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. ஐரிஸுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தி, பிறகு வேறு ஏதோ ஒரு காரணத்தின் பெயரில் இறந்தவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள் என்று சில நேரம் யோசிப்பேன்.

அவர் வட்டம் போடுவதை நிறுத்தவில்லை. ஸ்டீராய்டு தொடங்கி இரண்டாவது வாரம் வந்தபோது, வெளிவட்டத்துக்கும் நெறிக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. இரண்டு முறை ஊசி விட்டுச் சீழ் எடுத்தார்கள். ஆறாவது மாதம் காசநோய் மருந்து முடிந்த அன்று கழுத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும். காலரை விலக்கிக் காட்டிவிட்டு, "இனிமே எதை வச்சு சார் அளக்கிறது?" என்றார்.

அன்று வந்த ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தொடங்கும்போது சிடி4 31. இப்போது 118.

"நல்லதா?"

"நல்லதுதான். இன்னும் ஏறணும்."

என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, மாத்திரை டப்பாவின் மூடியில் 118 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பேனாவைத் திருப்பித் தர மறந்துவிட்டுப் போனார்.